ஸ்டீயரிங் 'பிளே': ஒரு சொல்லா, இரு சொற்களா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்டீயரிங்கில் 'பிளே' என்று சொல்லப்படுவதை, அதாவது சக்கரம் திரும்பாமல் ஸ்டீயரிங் மட்டும் சிறிது அசைவதை, தமிழில் 'தளர்வு' எனலாம் என்று நேற்றைய மடலில் முன்மொழிந்திருந்தீர்கள். எளிய சொல்தான், ஆயினும் நெடுந்தொலைவு ஓடிய கார்களைப் பற்றி எழுதும்போது அது வாசகரைத் தவறான வேலைக்கு இட்டுச்செல்லும் என்று அஞ்சுகிறேன். தளர்ந்த ஒன்றை இறுக்கினால் சரியாகிவிடும் என்பது நம் மொழியுணர்வு. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில் டை ராடு எண்டின் (ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டின் முனை மூட்டு) குமிழும் அது அமர்ந்திருக்கும் கிண்ணமும் தேய்ந்து இடைவெளி விழுந்திருந்தால், எந்த நட்டை இறுக்கினாலும் பயனில்லை. உறுப்பையே மாற்ற வேண்டும்.

இதற்குப் பட்டறையில் வழங்கும் சொல் 'ஆட்டம்'. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்துப் பார்க்கும் மெக்கானிக், "எண்டுல ஆட்டம் இருக்கு" என்கிறார். மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்கும்போது ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்கிறார். அசைவு நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பெரும்பாலும் பால் ஜாயிண்ட் எனும் குமிழ் மூட்டு. பல் ஆடுகிறது என்று நாம் சொல்வதும் இதே பொருளில்தான். குழியில் பொருந்தியிருந்தது பொருத்தம் இழந்து அசைகிறது. ஆகவே 'தேய்வாட்டம்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். 'தேய்மானம்' கணக்கியலில் சொத்தின் மதிப்புக் குறைவுக்கு நிலைத்துவிட்டதால் அதைத் தவிர்த்தேன்.

ஆனால் 'பிளே' என்பது பழுதை மட்டும் குறிப்பதில்லை. பிரேக் மிதியை அழுத்தத் தொடங்கும்போது சிறிது தூரம் அது வெறுமனே இறங்க வேண்டும். மிதியோடு இணைந்த தள்ளுதண்டுக்கும், பிரேக் எண்ணெயை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்கும் இடையே அந்த இடைவெளி இல்லையென்றால், பிஸ்டன் முழுதும் பின்வாங்காமல் பிரேக் பிடித்தபடியே இருந்து சூடேறும். வேண்டுமென்றே விடப்பட்ட இதையும் பழுதையும் ஒரே சொல்லால் குறித்தால், இருக்க வேண்டியதை ஒருவர் இறுக்கிவிடக்கூடும். வெற்றிடம் என்பதைப் போல இதனை 'வெற்றசைவு' எனலாம்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆம் விதி, ஸ்டீயரிங் சக்கரத்தில் இத்தகைய அசைவு 30 பாகையைத் தாண்டக் கூடாது என்கிறது. அங்கே அளக்கப்படுவது வெற்றசைவு; அது வரம்பு மீறுவதற்குப் பெரும்பாலும் காரணம் தேய்வாட்டம். அளவும் காரணமும் தனித்தனிப் பெயர் பெறுவது இங்கே பெரிதும் உதவும். பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது, ஏனெனில் மூடி கிழிந்தால் மசகு வெளியேறி மண் உள்ளே புகும்.

முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்சிலிலும் கதை இதுதான்: அதன் மூட்டின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளிருக்கும் குண்டுகளின் தடங்கள் தேய்ந்தபின், ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்துத் திருப்பினால் 'கடக் கடக்' என்று ஒலி கேட்கும். அங்கே தேய்வாட்டம் உண்டு, ஆனால் ஸ்டீயரிங்கில் வெற்றசைவு தென்படாது. இரண்டு சொற்கள் வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தோன்றவில்லை.

பிரேக் பேட், டிஸ்க் ஆகியவற்றுக்குத் 'தேய்வு' ஒன்றே போதும். அவை ஆடுவதில்லை, மெலிகின்றன.

'வெற்றசைவு' வெற்றியோடு குழம்பும் என்று யாரேனும் கருதினால் 'வீணசைவு' என்று மட்டும் மாற்ற வேண்டாம். அந்த அசைவு வீணன்று. வேறு சொல் இருப்பின் அறியத் தாருங்கள்.