எலாஸ்டிக்சர்ச் ஸ்டார்ட் ஆகவில்லை, அவசரம்

தேடல்_வேலன்:
வணக்கம். எங்கள் தளத்தின் தேடலை நடத்தும் எலாஸ்டிக்சர்ச் சர்வீஸை ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு ஃபெயில்டு என்கிறது. நேற்று வரை ஓடியது, எதையும் மாற்றவில்லை. மெஷின் எங்கோ டேட்டா சென்டரில் இருக்கிறது, எஸ்எஸ்ஹெச் என்ற தொலைவு இணைப்பு வழியாகத்தான் உள்ளே போக முடியும். தளத்தில் தேடல் மொத்தமும் படுத்துவிட்டது. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

லாக்_எங்கே:
எந்தப் பதிப்பு? ராம் எவ்வளவு? லாக்கில் என்ன இருக்கிறது?

ஹீப்_ராமன்:
ராம்தான், சந்தேகமே வேண்டாம். ஜாவா ஹீப்பை, அதாவது எலாஸ்டிக்சர்ச் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் மெமரியை, மொத்த ராமில் பாதிக்கு மேல் வைத்திருப்பீர்கள், மெமரி போதாமல் சிஸ்டத்தின் மையமான கர்னல் அதைக் கொன்றிருக்கும். கர்னல் லாக்கில் "கில்டு ப்ராசஸ்" என்று தேடுங்கள். ஹீப்பின் தொடக்க, உச்ச அளவுகளான எக்ஸ்எம்எஸ், எக்ஸ்எம்எக்ஸ் இரண்டையும் ஒரே அளவாகக் குறைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் கொடுங்கள்.

பழைய_ரூட்:
கேள்வி கேட்க ஒரு முறை இருக்கிறது தம்பி. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசரில் ஓட்டியிருப்பீர்கள், எலாஸ்டிக்சர்ச் ரூட்டில் ஓடாது. ஆவணத்தைத் திறந்தே பார்க்காமல் சர்வரில் கை வைத்தால் இப்படித்தான்.

கர்னல்_குமரி:
சர்வீஸ் என்று எழுதியிருக்கிறாரே ஐயா. சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அதை எலாஸ்டிக்சர்ச் என்ற தனி யூசரில்தான் கிளப்பும். வேலன், சர்வீஸ் நின்றபோது எக்ஸிட் ஸ்டேட்டஸ் என்ன காட்டுகிறது?

தேடல்_வேலன்:
7.17. ராம் 8 ஜிபி. ஸ்டேட்டஸ் 78.

கர்னல்_குமரி:
78 என்றால் கான்ஃபிக் கோளாறு. கர்னல் கொன்றிருந்தால் சிக்னல் 9 என்று வந்திருக்கும், அதனால் ஹீப்பை இப்போதைக்கு விடுங்கள். ஸ்டார்ட் ஆகும்போது செட்டிங்குகளைச் சோதிக்கும் பூட்ஸ்ட்ராப் செக்கில் எதுவோ தேறவில்லை. /வார்/லாக்/எலாஸ்டிக்சர்ச் உள்ளே கிளஸ்டர் பெயரிலேயே ஒரு லாக் ஃபைல் இருக்கும். அதன் கடைசி வரிகளைப் போடுங்கள்.

ஹீப்_ராமன்:
இருந்தாலும் ஹீப்பை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

தேடல்_வேலன்:
"2 பூட்ஸ்ட்ராப் செக்ஸ் ஃபெயில்டு" என்று இருக்கிறது. வி.எம். மேக்ஸ் மேப் கவுண்ட் 65530தான் இருக்கிறதாம், குறைந்தது 262144 வேண்டுமாம்.

லாக்_எங்கே:
இரண்டு என்கிறதே, இன்னொன்று எங்கே? அந்த மேப் கவுண்ட் ஒரு ப்ராசஸ் எத்தனை மெமரிப் பகுதிகளை வைத்துக்கொள்ளலாம் என்ற கர்னல் வரம்பு, சிஸ்சிடிஎல் கமாண்ட் கொண்டு ஏற்றிவிடலாம், ஒரு வரி வேலை.

தேடல்_வேலன்:
சூடோ போட்டு ரூட் அதிகாரத்தில் அடித்தும் பெர்மிஷன் டினைட். இன்னொன்று டிஸ்கவரி செட்டிங் பற்றி ஏதோ சொல்கிறது.

கர்னல்_குமரி:
சூடோவுக்கே மறுக்கிறது என்றால் அது முழு விர்ச்சுவல் மெஷின் இல்லை, கன்டெய்னராக இருக்கலாம். "சிஸ்டம்டி-டிடெக்ட்-வர்ட்" என்று அடித்துப் பாருங்கள். கன்டெய்னர் ஹோஸ்ட் மெஷினுக்குள் ஒரு தடுப்பறை மாதிரி, அதற்குச் சொந்தக் கர்னல் கிடையாது. அந்த எண்ணை ஹோஸ்ட் மெஷினை வைத்திருப்பவர்தான் மாற்ற முடியும்.

அப்புறம் ஒரு சந்தேகம். 127.0.0.1-இல், அதாவது அதே மெஷினுக்குள் மட்டும், கேட்கும் நோடுக்கு (ஓடும் ஒவ்வொரு எலாஸ்டிக்சர்ச்சும் ஒரு நோடு) இந்தச் செக்குகள் வெறும் எச்சரிக்கைதான், ஸ்டார்ட் ஆவதைத் தடுக்காது. எதையும் மாற்றவில்லை என்றீர்கள். யாம்ல் கான்ஃபிக் ஃபைலில், எந்த முகவரியில் கேட்பது என்ற நெட்வொர்க்.ஹோஸ்ட் வரியில் என்ன இருக்கிறது?

தேடல்_வேலன்:
எல்எக்ஸ்சி என்று வருகிறது, கன்டெய்னர்தான் போல. வெப் சர்வரை வேறு மெஷினுக்குக் கொண்டு போனோம், அதனால் நெட்வொர்க்.ஹோஸ்ட் மட்டும் எல்லா முகவரியிலும் கேட்கும்படி 0.0.0.0 போட்டேன். மற்றபடி எதுவும் இல்லை.

லாக்_எங்கே:
நல்லது, "எதையும் மாற்றவில்லை" கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்வோம்.

பழைய_ரூட்:
கான்ஃபிக்கில்தான் கோளாறு என்று முதலிலேயே எனக்குத் தெரியும். அதைவிட, 7.17-ஐ ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? 7.10-ஓடு திறமூல அப்பாச்சி உரிமம் முடிந்தது. அன்றைக்கே ஓப்பன்சர்ச்சுக்கு மாறியிருக்க வேண்டும்.

ஹீப்_ராமன்:
ஓப்பன்சர்ச் எலாஸ்டிக்சர்ச் 7.10.2-இலிருந்து பிரிந்ததுதானே, அதுவும் இதே மேப் கவுண்ட்டைக் கேட்கும். மாறி என்ன லாபம்?

பழைய_ரூட்:
உரிமம் என்றால் என்னவென்று தெரிந்தவர்களிடம் பேசிக்கொள்கிறேன்.

லாக்_எங்கே:
2024-இல் எலாஸ்டிக்சர்ச் ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தையும் சேர்த்தாயிற்று ஐயா. உங்கள் சண்டை உரிமம் மாறிய 2021-இலேயே நிற்கிறது.

பழைய_ரூட்:
ஒரு தடவை மாற்றியவர்கள் மறுபடி மாற்ற மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்?

கர்னல்_குமரி:
உரிமத்துக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். வேலன், நெட்வொர்க்.ஹோஸ்ட் என்று போட்டால் 9200, 9300 போர்ட் இரண்டுமே வெளியே திறக்கும். 9300 நோடுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் போர்ட். அது வெளி முகவரியில் வந்தவுடனே இது ப்ரொடக்‌ஷன் கிளஸ்டர் என்று எடுத்துக்கொண்டு செக்குகளைக் கறாராக்கிவிடும். உங்களுக்கு இருப்பது ஒரே நோடு, வெப் சர்வருக்கு வேண்டியது தேடல் கேள்விகள் வரும் 9200 மட்டும். அந்த வரியை எடுத்துவிட்டு ஹெச்டிடிபி.ஹோஸ்ட் என்பதில் முகவரியைக் கொடுங்கள். இரண்டு செக்கும் எச்சரிக்கையோடு நின்றுவிடும். மேப் கவுண்ட்டைத் தனியாக ஒழிக்க வேண்டுமானால் நோட்.ஸ்டோர்.அலவ்_எம்மேப் என்பதை ஃபால்ஸ் ஆக்கலாம், ஆனால் தேடல் வேகம் குறையக்கூடும்.

0.0.0.0 மட்டும் வேண்டாம், உள் நெட்வொர்க் முகவரியைக் கொடுங்கள். 7-இல் பாஸ்வேர்டு தானாக வராது. 2017-இல் இப்படித் திறந்து கிடந்த சர்வர்களில் டேட்டாவை அழித்துவிட்டுப் பணம் கேட்டுக் குறிப்பு வைத்துப் போனார்கள். 9200-க்கு ஃபயர்வாலில் வெப் சர்வரின் ஐபியை மட்டும் விடுங்கள்.

தேடல்_வேலன்:
ஹெச்டிடிபி.ஹோஸ்ட் வேலை செய்தது. தேடல் வந்துவிட்டது. நன்றி.

கர்னல்_குமரி:
எந்த முகவரி கொடுத்தீர்கள்? ஃபயர்வால் போட்டாயிற்றா?

ஹீப்_ராமன்:
ஹீப் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கடைசி வரை சொல்லவே இல்லையே.

கர்னல்_குமரி:
வேலன்?