ஆர்15 மூன்றாம் பதிப்பு: சஸ்பென்ஷனை எங்கிருந்து மேம்படுத்தத் தொடங்குவது?

கேள்வி (நாகர்கோவில்)

என்னிடம் உள்ள யமஹா ஆர்15 மூன்றாம் பதிப்பு பைக் நான்கு ஆண்டுகளாக ஓடுகிறது. முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) ஆயிலை இதுவரை மாற்றியதில்லை. என் எடை 85 கிலோ. குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை செல்லும் வளைவுகளில் பிரேக் பிடித்தால் முன்பக்கம் மிகவும் அமிழ்ந்துபோகிறது. மார்த்தாண்டம் மேம்பாலத்து இணைப்புகளைக் கடக்கையில் பின்பக்கம் உதைத்துத் தள்ளுகிறது. நான்காம் பதிப்பின் தலைகீழ் ஃபோர்க்கை (தடித்த குழாய் மேலும் மெல்லிய குழாய் கீழும் அமைந்தது)ப் பொருத்திவிடலாம் என்கிறார் மெக்கானிக். அதற்குச் செலவிடுவது தகுமா?

மறுமொழி 1 (தக்கலை)

முதலில் ஃபோர்க் ஆயிலை மாற்றுங்கள். நாளடைவில் ஆயில் தேய்மானத் துகள்களால் கறுத்து, பிசுபிசுப்பை இழந்துவிடுவதால், ஸ்பிரிங் நன்றாக இருந்தாலும் அதன் துள்ளலை அடக்க ஆளில்லாமல் போகிறது. அமிழ்வதைக் குறைக்க ஒரு படி கெட்டியான ஆயில் ஓரளவு உதவும். ஆனால் இவ்வகை ஃபோர்க்கில் ஆயில் சிறு துளைகள் வழியே பாய்வதால், சக்கரம் திடீரென்று மேலேறும் பள்ளங்களில் கெட்டியான ஆயில் கைகளுக்கு அதிர்ச்சியைத்தான் தரும். ஆகவே ஒரு படிக்கு மேல் போக வேண்டாம். உங்கள் எடைக்கு ஸ்பிரிங்கே மென்மையானது என்றால், எந்த ஆயிலாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஸ்பிரிங்கைக் கழற்றி, ஃபோர்க்கை முழுவதும் அமுக்கிவைத்து, குழாயின் விளிம்பிலிருந்து ஆயில் மட்டத்தை அளக்க வேண்டும். ஃபோர்க்கின் இரு குழாய்களிலும் அளவு ஒன்றாக இருப்பது முக்கியம். பாட்டிலில் உள்ள அளவை அப்படியே ஊற்றிவிடும் ஒர்க்‌ஷாப்புகளும் உண்டு. அருகில் நின்று பார்ப்பது நல்லது. கையோடு கோன் செட்டில் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்) ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மறுமொழி 2 (குளச்சல்)

பின்பக்கத்துக்குப் புதிய ஷாக் (அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு) வாங்கும் முன், அதைப் பின்சக்கரக் கையோடு இணைக்கும் லிங்க்கின் பேரிங்குகளைக் கழற்றிப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டிகளில் கிரீஸ் வற்றித் துரு ஏறியிருப்பது வழக்கம். லிங்க் இறுகிப்போனால் எவ்வளவு விலையுயர்ந்த ஷாக்கும் உதைக்கத்தான் செய்யும். அடுத்து, பின்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி, அச்சிலிருந்து வால் பகுதியில் ஒரு குறிவரை அளந்துகொண்டு, வண்டியை இறக்கி நீங்கள் அமர்ந்ததும் மற்றொருவரை மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் சக்கரத்தின் மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டும். மிகுதியாக அமிழ்ந்தால், வசதி இருக்கும் ஷாக்கில் ப்ரீலோடை (ஸ்பிரிங்குக்கு முன்கூட்டியே தரும் அழுத்தம்) கூட்டலாம். ஆனால் ப்ரீலோட் ஸ்பிரிங்கைக் கடினமாக்குவதில்லை, வண்டி நிற்கும் உயரத்தை மட்டுமே மாற்றுகிறது. ஆகவே வாங்குவதென்றால், உங்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங்கும் ரீபவுண்டை (அமுங்கிய ஷாக் மீண்டும் விரியும் வேகத்தை அடக்குவது) கூட்டிக் குறைக்கும் திருகும் உள்ள ஷாக்காக, பழையதன் நீளத்திலேயே வாங்குங்கள். நீளம் சற்றுக் கூடினாலும் லிங்க் வழியாக வால் அதைவிட அதிகமாக உயர்ந்து, முன்பக்கம் நிலையிழக்கும்.

மறுமொழி 3 (மார்த்தாண்டம்)

தலைகீழ் ஃபோர்க் பார்வைக்குத்தான் அதிகம். அதைப் பொருத்த மேல் கீழ் பிடிப்புத் தகடுகளிலிருந்து சக்கர அச்சு, பிரேக் பொருத்தம் வரை சரிபார்க்க வேண்டியிருக்கும்; உங்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங் அதிலும் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. மேலும் அதன் மெருகேறிய குழாய் சக்கரத்தை ஒட்டிக் கீழே இருப்பதால், சேறும் உப்புக் காற்றும் சேர்ந்து புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்தால் ஆயில் சீல் கிழிந்துவிடும். இருக்கும் ஃபோர்க்குக்கே கடினமான ஸ்பிரிங் தேடுங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல பின் ஷாக் வாங்கலாம்.