முடவாட்டுக்கால், பண்ணைக்கீரை: சமைக்கும் முறை சொல்லுங்கள்

சேலம் நண்பர்களுக்கு வணக்கம். ஏற்காட்டுச் சாலையோரக் கடையில் முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கி வந்திருக்கிறேன். ஆட்டுக்கால் போல ரோமம் படர்ந்திருக்கிறது. உண்மையில் மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளரும் பெரணிச் செடியின் தண்டு இது. தோலைச் சீவி நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப்போட்டு சூப் வைக்கத் தெரியும். அதைத் தாண்டி என்ன செய்யலாம்? துவையல் அரைப்பவர்கள் உண்டா? சேர்வராயன் மலைக் கிராமங்களில் எப்படிச் சமைக்கிறார்கள் என்று அறியத்தான் எனக்கு மிகுந்த ஆவல்.

இன்னொன்று. மழைக்குப் பிறகு அயோத்தியாப்பட்டணம் பக்கத்து வரப்புகளில் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் தானாக முளைத்துக் கிடக்கின்றன. துவரம்பருப்போடு கடைந்தால் அத்தனை ருசி! களை என்று மருந்தடித்து அழிப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. மருந்து தெளிக்காத இடம் பார்த்துத்தான் பறிக்கிறேன். பூத்த பிறகு பண்ணைக்கீரை முற்றிவிடுகிறதே, அப்போதும் சமைக்க வழி இருக்கிறதா?

வேறு காட்டுக் கீரைகளைச் சொல்பவர்கள் இலையும் தண்டும் தெளிவாகத் தெரியும் படத்தோடு பதிவிடுங்கள். பெயரை மட்டும் நம்பிப் பறிக்க மாட்டேன். முடவாட்டுக்காலை வீட்டிலேயே வளர்ப்பவர்கள் இருந்தால், எப்படி வளர்க்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். மலை மரங்களிலிருந்து பெயர்த்தெடுப்பது குறைய வேண்டும்.