கைப்பேசியில் ஒலிச்செய்தி: சுங்கை சிப்புட் குழுவுக்குத் தனி ரெக்கார்டர் தேவையா?

செம்பனைக்காட்டான்
மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நாம் நடத்தும் வட்டார ஒலிச்செய்திக் குழுவில் சேர்ந்த பணத்துக்கு ஒரு ரெக்கார்டர் வாங்கலாம் என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆளுக்கொரு கைப்பேசி இருக்கிறது, அதுவே போதும். தோட்டத்தில் தண்ணீர் வரவில்லை என்று நாலு பேர் கூடி நிற்கும்போது நம் பையில் இருப்பது அதுதான். ரெக்கார்டர் பூட்டிய அலமாரியின் சாவி யாரிடம் என்று விசாரிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிடும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முதலில் ஏரோப்ளேன் மோட் போடுங்கள், இல்லையென்றால் நடுவில் யாராவது கூப்பிட்டுப் பதிவைக் கெடுப்பார்கள். ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 முறை ஒலியை அளப்பது) பதியுங்கள். போனைப் பேசுபவரின் தாடைக்குக் கீழே ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும், சுற்றியுள்ள இரைச்சல் இருந்த அளவிலேயே இருக்கும். வெட்டி ஒட்ட ஆண்ட்ராய்டில் லெக்சிஸ், ஐபோனில் ஃபெரைட் என்ற செயலிகள் இருக்கின்றன. ஒட்டுக்கடையில் உட்கார்ந்தே மூன்று நிமிடச் செய்தியை முடித்து அனுப்பலாம்.

பழைய வானொலி
தம்பி, தூரக் கணக்கு சரி. மற்றதெல்லாம் ஆசை. போனில் இருக்கும் மைக் முதலில் டெலிபோன் பேச்சுக்காக வைத்தது. ஆள் பேசாத நேரத்தில் தானாகவே சத்தத்தை ஏற்றும், பேசத் தொடங்கியதும் இறக்கும். நம் பதிவுகளில் காற்றாடி (ஃபேன்) சத்தம் ஏறி ஏறி இறங்குவது அதனால்தான். பதிவிலேயே அப்படி விழுந்துவிட்டால் பின்னால் எந்தச் செயலியாலும் ஒழுங்காக எடுக்க முடியாது. ரெக்கார்டரில் அளவைக் கையால் வைக்கலாம்: குரலின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் திடீரென்று சிரித்தாலும் கத்தினாலும் உடையாது.

இன்னொன்று. நாம் பதிவது தண்ணீர்ப் புகார் மட்டுமா? 1948 ஜூன் 16இல் இந்த ஊர்த் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதையொட்டி மலாயாவில் பிரிட்டிஷ் ஆட்சியின் அவசரகாலம் வந்தது. அதை நினைவில் வைத்திருப்பவர்கள் எண்பதைத் தாண்டி எவ்வளவோ ஆகிறது. பெருந்தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற துண்டாடலில் தோட்டம் கைமாறியது, தொழிலாளர் பணத்தில் தோட்டம் வாங்க 1960இல் அமைச்சர் சம்பந்தன் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவில் பங்கு சேர்ந்தது, இதையெல்லாம் சொல்ல ஆள் குறைந்துகொண்டே போகிறது. அவர்களை இன்னொரு முறை பதிய நமக்கு வாய்க்காது. பன்னாட்டு ஒலி ஆவணக் காப்பகச் சங்கம் பாதுகாப்புப் படிக்குக் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் (ஒவ்வோர் அளவையும் எவ்வளவு நுணுக்கமாகப் பதிவது என்பது) என்கிறது.

செம்பனைக்காட்டான்
அண்ணே, தானாக ஏறி இறங்குவதற்கு வழி இருக்கிறது. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், போன் கைவைக்காத ஒலியைச் செயலி கேட்டு வாங்கலாம். 24 பிட்டும் சில போன்களில் உண்டு. ஸ்டீரியோவில் வைத்தால் மணிக்கு ஒரு ஜிபி தின்னும் என்பது வேறு கதை. அப்புறம், காற்றாடியை அணைத்தால் தீர்ந்தது.

பழைய வானொலி
எல்லாப் போனும் அதைத் தருவதில்லையே. உங்கள் போன் தரும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போன் தராது, குழுவில் ஆளுக்கொரு தரம். காற்றாடியை அணைப்பதாம்! தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் இரண்டு மணிக்கு எண்பத்தைந்து வயதுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

தாமான் அக்கா
இரண்டு பேரும் கருவியைப் பற்றியே பேசுகிறீர்கள். தோட்டத்திலிருந்து தாமானுக்கு, அதாவது புதுக் குடியிருப்புக்கு, வந்த ரப்பர் பால்வெட்டுப் பாட்டியின் பேட்டியைப் போன மாதம் நம் குழு வெளியிட்டதே, நினைவிருக்கிறதா? அன்று நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பாட்டி சின்ன உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டே பேசினார். "தோட்டத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு வந்தது நல்லதுதானே பாட்டி?" என்று நம் பையன் கேட்டான். இடி நின்றது. வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று மேடேறிப் போய் மறைந்தது. அப்புறம் மறுபடி இரண்டு இடி இடித்துவிட்டு, "நல்லதுதான்" என்றார்.

வெளியான பதிவில் கேள்வி முடிந்த கையோடு "நல்லதுதான்" வருகிறது. உரல் இல்லை, லாரி இல்லை. இரைச்சல் நீக்கியைப் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். கேட்டவர்கள் எல்லாம் பாட்டி சந்தோஷமாக இருக்கிறார் என்று எழுதினார்கள். பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்) ரெக்கார்டரில் பதிந்திருந்தாலும் இந்த வெட்டு விழுந்திருக்கும்.

ஈப்போ ரோடு
"நல்லதுதானே" என்று கேட்டதே கோணல், அக்கா. "எப்படி இருக்கிறது?" என்றல்லவா கேட்க வேண்டும்?

செம்பனைக்காட்டான்
அந்த வெட்டு என் வேலை. இப்போதும் அது தவறென்று எனக்குத் தோன்றவில்லை. கேட்பவர்கள் வேலைக்குப் போகும் வழியில் கேட்கிறார்கள். சத்தம் நின்றால் போன் மக்கர் என்று அடுத்ததைத் தட்டிவிடுவார்கள். பாட்டி சொன்ன வார்த்தை ஒன்றைக்கூட நான் மாற்றவில்லை.

பழைய வானொலி
இதில் பாதி வழிக்கு உங்களோடு வருவேன். வானொலியில் நீண்ட மௌனம் என்றால் நிலையம் படுத்துவிட்டது என்று நேயர் நினைப்பார். "ம்ம்", இருமல், திரும்பச் சொன்னது, இவற்றை நாங்களும் வெட்டினோம். ஆனால் அக்கா சொல்லும் இடத்தில் மௌனமே இல்லையே, உரல் நின்றது கேட்கிறது, லாரி கேட்கிறது. நேயருக்கு அங்கே பாட்டி யோசிப்பது தெரியும். நீளம் போதாதென்றால் லாரியைக் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இருந்ததை முழுதாக எடுத்ததால் பதிலே வேறாகிவிட்டது.

ஈப்போ ரோடு
இரைச்சல் நீக்கியைப் பற்றி ஒன்று. அதைக் கூட்டி வைத்தால் ச, ஸ போன்ற காற்றொலிகளும் சேர்ந்து தேயும், குரல் தகர டப்பாவுக்குள் போய்விடும். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த அறையை மட்டும் பதிந்து வைத்தால், வெட்டிய இடங்களில் அதை ஓட விடலாம். ஒட்டு தெரியாது. வாட்ஸாப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் வேவ் எடுத்த பாடெல்லாம் வீண், சுருக்கிவிடும். டாகுமென்ட் என்று கொடுத்து அனுப்புங்கள். மோனோ, 16 பிட் என்றால் நிமிடத்துக்கு ஆறு எம்பிதான்.

தாமான் அக்கா
ஒட்டு தெரியாமல் செய்வதுதான் எனக்குப் பயமே, தம்பி. வெட்டாத மூலப் பதிவை அழிக்காமல் குழுவில் ஒருவர் வைத்திருக்க வேண்டும். முடித்த பதிவை அந்தப் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ போட்டுக் காட்டிவிட்டு வெளியிட வேண்டும். இதற்குக் காசு வேண்டாம்.

செம்பனைக்காட்டான்
மூலத்தை வைப்பதற்குச் சம்மதம். போட்டுக் காட்டுவது வயதானவர்கள் பேட்டிக்குச் சரி. மன்ற உறுப்பினர் பேட்டிக்கும் அதையே செய்தால் அவர் தனக்குப் பிடிக்காததை எடுக்கச் சொல்வார். அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தாமான் அக்கா
அவருக்கு யார் காட்டச் சொன்னது?

பழைய வானொலி
ரெக்கார்டர் பேச்சை நான் விடவில்லை, அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுப்பேன். அதுவரை சட்டையில் குத்தும் மைக் இரண்டேனும் வாங்குங்கள். காற்றாடி ஓடினாலும் அது நெஞ்சருகே இருக்கும்.

ஈப்போ ரோடு
வாங்கும்போது பிளக் முனையைப் பாருங்கள். ஹெட்போன் துளை உள்ள போனுக்கு மூன்று கறுப்பு வளையம் இருக்க வேண்டும். இரண்டு என்றால் கேமராவுக்கானது. போன் அதைக் கண்டுகொள்ளாது, சட்டையில் மைக் தொங்கும், பதிவு மேசைமேல் கிடக்கும் போனின் சொந்த மைக்கில் நடக்கும். துளையே இல்லாத போனுக்கு அதன் சார்ஜர் துளையில் பொருந்தும் மைக், பெரும்பாலும் டைப்-சி. எதுவானாலும் பேட்டிக்கு முன் மைக்கை விரலால் தட்டி, அந்தத் தட்டு பதிவில் கேட்கிறதா என்று போட்டுப் பாருங்கள்.