பெரியப்பா சொன்ன சொல்லை மன்னிக்க வேண்டியவர் யார்?

கேள்வி (திருப்பூரிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். ஏற்றுமதிப் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவைக் கவனித்து வருகிறேன். எங்கள் பிரிவில் மணிப்பூரைச் சேர்ந்த ஒரு பெண் வேலை செய்கிறாள். 2023 மே மாதக் கலவரத்துக்குப் பிறகு ஊரை விட்டு வந்தவள். கேட்டுக் கேட்டே தமிழ் பழகிக்கொண்டவள். சென்ற மாதம் குலதெய்வக் கோயிலில் நடந்த என் மகனின் காதுகுத்துக்கு, பிரிவில் உள்ள எல்லோரையும் போல அவளையும் அழைத்திருந்தேன். பந்தியில் என் பெரியப்பா அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அவளுக்குத் தமிழ் புரியாது என்ற எண்ணத்தில், "ஏங்கண்ணு, இந்தச் சைனாக்காரப் புள்ளைக்கு நம்ம சோறு எறங்குமா? நாயும் பாம்பும் இல்லாம எப்படிச் சாப்பிடுவா?" என்று என்னிடம் உரக்கக் கேட்டார். பந்தியே சிரித்தது. அவள் ரசச் சோற்றோடு நிறுத்தி, மோர் ஊற்ற வந்தவரிடம் வேண்டாமென்று கையசைத்துவிட்டு, இலையை மடித்து எழுந்து போனாள்.

மறுநாள் நான் வருத்தம் தெரிவித்தபோது, "பரவாயில்லைங்க அக்கா" என்றாள். ஆனால் அன்று முதல் மதியச் சாப்பாட்டுக்கு எங்களோடு உட்காருவதில்லை. பெரியப்பாவிடம் கேட்டால், "வெளையாட்டுக்குச் சொன்னதுக்கு இத்தன பேச்சா?" என்கிறார். என் அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர். தோட்டத்து ஆட்களுக்கு இன்றுவரை தன் கையால் சோறு போடுபவர். அவரை மன்னிக்கவும் மனம் வரவில்லை, வெறுக்கவும் முடியவில்லை. நான் என்ன செய்வது?

பதில் (காங்கேயத்திலிருந்து)

அம்மணி, உங்கள் பெரியப்பாவின் வயதை ஒட்டியவன் என்ற முறையில் எழுதுகிறேன். எங்கள் தலைமுறையினர் பலர் வெளிமாநிலத்தாரோடு பழகியதே இல்லை. மனதில் வஞ்சம் இல்லாமலே வாயில் வந்ததைப் பேசிவிடுகிறோம். அந்தப் பெண்ணே பரவாயில்லை என்று சொல்லிவிட்ட பிறகு, நன்றிக்கடன் பட்ட ஒரு பெரியவரிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வது முறையாகாது. இதை இத்துடன் விட்டுவிடுங்கள்.

பதில் (மேட்டுப்பாளையத்திலிருந்து)

காங்கேயம் பெரியவர் மீது மரியாதை உண்டு. ஆனால் அந்தப் "பரவாயில்லை"யை நான் நிறையக் கேட்டவள், சொன்னவளும் கூட.

என் தாய்வழித் தாத்தா இலங்கையில் நுவரெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவரைப் போன்ற மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. அங்கே அவர்களுக்குக் "கள்ளத்தோணி" என்று பெயர். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அந்தக் கணக்கில் ஒரு குடும்பமாக, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக என் அம்மா இங்கே வந்தார். தாய்மொழி பேசும் ஊருக்கு வந்தும் பேச்சு ஓயவில்லை. ரேஷன் கடை வரிசையில் எங்கள் தெருப் பாட்டி ஒருவர், "தோணியில வந்ததுக்கெல்லாம் அரிசியைக் குடுத்துட்டா நமக்கு என்ன மிச்சம்?" என்று அம்மாவின் காதுபடவே சொல்வார். அம்மா பதில் பேசியதில்லை. வீட்டு உரிமையாளரும் அந்தப் பாட்டிக்கு உறவு, வேலை வாங்கித் தந்த மேஸ்திரியும் உறவு என்றிருக்கும்போது, "பரவாயில்லை" என்பதைத் தவிர அவரால் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்?

பின்னாளில் அந்தப் பாட்டி வீட்டுக் கல்யாணத்துக்கு அம்மா போனார், மொய் எழுதினார், மணமக்களை வாழ்த்தினார், சாப்பிடாமல் வந்துவிட்டார். அவர் மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. அதைக் கேட்கும் உரிமை மகளான எனக்கே இருந்ததாக நான் நினைக்கவில்லை.

சகோதரி, உங்கள் பிரிவுப் பெண்ணுக்கு நீங்கள் மேலதிகாரி. தைத்து வந்த துணியைப் பார்த்துச் சரி, தவறு சொல்பவர்களுக்கும் மேலே இருப்பவர் நீங்கள். உங்களிடம் அவள் வேறு என்ன பதில் சொல்வாள்? பெரியப்பாவை மன்னிப்பதா வேண்டாமா என்பது உங்கள் கையில் இல்லை, ஏனென்றால் அந்தச் சொல் பட்டது உங்கள் மீதல்ல. உங்கள் கையில் இருப்பது, அன்று சிரித்த பந்திக்கு நடுவே சொல்லப்படாமல் போன மறுப்பை இப்போதாவது சொல்வது. அதைச் சொல்வதற்காக அவரை வெறுக்க வேண்டியதில்லை. படிக்க வைத்த பெரியப்பாவிடம் உரிமையோடு சொல்லலாம்.

பதில் (திருப்பூரிலிருந்து, மனிதவளப் பிரிவு)

ஒரு கம்பெனியின் மனிதவளப் பிரிவில் இருப்பதால், இத்தகைய பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவியபோது, திருப்பூரிலும் கோவையிலும் பலர் பயந்து ஊருக்கு ரயிலேறினார்கள். காவல்துறை மறுத்தது, பீகார் அரசே ஒரு குழுவை அனுப்பி விசாரித்தது. ஹோலிக்காகப் போனவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்றாலும், பயந்து போனவர்களில் சிலரை நானே இருக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். காணொளி பொய் என்று நாங்கள் எடுத்துச் சொல்லியும் அவர்கள் நம்பவில்லை. டீக்கடையிலும் பேருந்திலும் "டேய் வடக்கா" என்று நாள்தோறும் கேட்டுப் பழகியவர்களுக்கு, அடிக்கிறார்கள் என்ற செய்தி நம்பக்கூடியதாகவே இருந்தது.

2014 ஜனவரியில் டெல்லி லஜ்பத் நகரில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா அடிபட்டு இறந்ததும், அவருடைய தலைமுடியைக் கேலி செய்ததில் தொடங்கியதுதான். அதன் பிறகு மத்திய அரசு அமைத்த பேஸ்பரூவா குழு, வடகிழக்கு மக்களை இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கச் சட்டத்திருத்தம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. உங்கள் பெரியப்பாவை அந்தக் கொலைகாரர்களோடு நான் சேர்க்கவில்லை. பந்தியில் சிரித்த இளவட்டங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். பெரியவரே சொல்கிறார் என்ற தைரியம் அவர்களுக்குப் போதும்.

நடைமுறையில் ஒன்றைத் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பெண்ணைப் பெரியப்பாவின் முன்னால் நிறுத்திச் சமாதானம் செய்து வைக்காதீர்கள். எங்கள் கம்பெனியில் ஒருமுறை அப்படிச் செய்தார்கள். ஒடிசாவைச் சேர்ந்த ஒரு பவர் டேபிள் டெய்லரின் நிறத்தைச் சொல்லி மட்டம் தட்டிய கட்டிங் மாஸ்டரை அவரோடு கைகுலுக்க வைத்து, எல்லோரும் கைதட்டினார்கள். அந்த வாரச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு டெய்லர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். வருத்தம் தெரிவிக்க வேண்டியவர் தாமாக உணர்ந்து தெரிவித்தால், அதை ஏற்கவும் மறுக்கவும் எதிரில் இருப்பவருக்கு இடம் இருக்க வேண்டும்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. பெரியப்பா பேசியதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த நான், அவளுடைய "பரவாயில்லை"யை என் பதவியோடு சேர்த்துப் பார்க்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய்ப் பெரியப்பாவிடம் தனியே பேசப் போகிறேன். அவளுக்குத் தமிழ் தெரியும் என்பதையும், எதனால் அவள் ஊரை விட்டு வர நேர்ந்தது என்பதையும் முதலில் சொல்லப் போகிறேன். அன்று பந்தியில் சிரித்த என் தம்பியையும் உடன் அழைத்துச் செல்கிறேன். அவளிடம் இதைப் பற்றி நான் மேற்கொண்டு எதுவும் கேட்கப் போவதில்லை.

பதில் (காங்கேயத்திலிருந்து)

அம்மணி, விட்டுவிடுங்கள் என்று முதலில் எழுதியவன் நான். மேட்டுப்பாளையத்து அம்மா எழுதியதைப் படித்த பின் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் பெரியப்பா முதலில் கோபப்படுவார். அதற்காகப் பாதியில் எழுந்து வந்துவிடாதீர்கள்.