மழை விட்ட பிறகு ஏறிய தண்ணீர்

நாகையின் தெற்குப் புறநகரில், கடுவையாற்றுக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. வயலை மனை போட்டு விற்றார்கள். 2012இல் வாங்கிக் கட்டினோம். ஐப்பசி, கார்த்திகையில் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்பது எங்களுக்குப் பழக்கம்தான். ஒரு வருடம் நடந்தது வேறு. இரவு முழுக்கப் பெய்து விடியற்காலையில் மழை விட்டது. காலை எட்டு மணிக்குக் கழிவறைக் கோப்பைக்குள் களகளவென்று சத்தம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொங்கித் தரைக்கு வந்துவிட்டது. வெளியே வெயில் எட்டிப்பார்க்கிறது, வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது. மாமியாரைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு அரிசி மூட்டையைப் பரணுக்குத் தூக்கினேன். பிரிட்ஜைக் காப்பாற்ற முடியவில்லை.

அடுத்த தெருவில், கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட பெரியவர் ஒருவர் இருக்கிறார். “நாளைக்கு அமாவாசை அம்மா. கடல் ஏறி நிற்கும், ஆற்றுத் தண்ணீரை வாங்காது. சுவரில் கோடு போட்டுப் பாருங்கள்” என்றார். கரித்துண்டால் போட்டேன். மதியத்துக்குள் நான்கு விரல் இறங்கியது. இரவில் பழைய கோட்டுக்கே வந்துவிட்டது. இப்படி மூன்று நாள், கடலோடு சேர்ந்து எங்கள் சமையலறையும் ஏறி இறங்கியது.

எங்கள் கடற்கரையில் கடல் ஏற்றம் ஒரு மீட்டர்கூட இராது. ஆனால் தரையே அவ்வளவு தாழ்ந்து கிடக்கும் இடத்தில் அதுவே போதும். அதோடு, டெல்டாவில் பாசன ஆறுகளே வடிகாலாகவும் ஓடுகின்றன. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எங்களைக் கடைசியாகத்தான் எட்டும். மேலே தஞ்சை, திருவாரூர் வயல்களில் வடிந்து வரும் மழைநீரோ எங்களைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, வழியெல்லாம் வெங்காயத் தாமரையும் நெய்வேலி காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தால் அது எங்கே போகும்?

இதையாவது இயற்கை என்று விட்டுவிடலாம். எங்கள் நகருக்குப் பின்னால் ஒரு வடிகால் வாரி இருந்தது. மனை போட்டவர்கள் அதன் குறுக்கே சாலை அமைத்து, அடியில் ஒற்றைக் குழாயைப் புதைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கடல் வாங்கத் தொடங்கிய பிறகும் இரண்டு நாள் நாங்கள் தண்ணீரில் கிடந்தது அந்தக் குழாயால்தான். இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

மனை வாங்கப் போகிறவர்களை மன்றாடிக் கேட்கிறேன்: பத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள். நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தையும், கிராம நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டையும் வாங்கி, பக்கத்தில் வாய்க்கால் புறம்போக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நேரில் போய் அந்த வாய்க்கால் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை.

சீர்காழியிலிருந்து ஒரு பதில்:

அக்கா, 2022 நவம்பர் 11 அன்று எங்கள் ஊரில் ஒரே நாளில் 44 செ.மீ. பெய்தது. அதற்கு எந்த வடிகாலும் தாங்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பக்கத்துத் தெரு மறுநாளே வடிந்துவிட்டது, எங்கள் தெரு ஐந்து நாள் நின்றது. சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் எங்கள் வீடு இப்போது இரண்டு படி பள்ளத்தில் இருக்கிறது. போதாததற்கு, வண்டி ஏற்ற ஒவ்வொருவரும் வாசலில் சாய்தளம் கட்டிச் சாக்கடையை மூடிவிட்டோம். நானும் கட்டியிருந்தேன். வெள்ளம் வடிந்ததும் முதலில் அதைத்தான் உடைத்தேன். சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய் நிவாரணம் கிடைத்தது. எங்கள் வீட்டில் அது சேறு வாரிய கூலிக்கே சரியாகப் போனது.

சம்பா பயிர் மூழ்கியவர்களின் துயரத்துக்கு முன் இதெல்லாம் ஒன்றுமில்லை என்பதும் தெரியும்.

நாகையிலிருந்து மீண்டும்:

தம்பி, சாய்தளத்தை உடைத்ததற்கு நன்றி. நாங்கள் பதினான்கு வீட்டார் சேர்ந்து ஆவணியிலேயே வாரியைத் தூர்வாரிவிட்டோம். கழிவறைக் குழாயில் நீர் திரும்பி வராத வால்வு ஒன்று பொருத்தியிருக்கிறேன். மின்சார சாக்கெட்டுகளையெல்லாம் இடுப்புக்கு மேல் ஏற்றியாயிற்று. சாலைக்கு அடியில் புதைத்த அந்தக் குழாய் மட்டும் அப்படியே கிடக்கிறது. மூன்று முறை மனு கொடுத்துவிட்டேன். உங்களில் யாராவது இப்படிப்பட்ட குழாயைப் பெயர்த்துப் பெரிய பாலம் கட்ட வைத்திருந்தால், மனுவில் என்ன எழுதினீர்கள், எந்தப் படங்களை இணைத்தீர்கள் என்று சொல்லுங்கள். கரிக்கோட்டைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.