கூத்துக்காரருக்குத் தொண்டை கட்டினால் என்ன செய்கிறீர்கள்?

ஆரையம்பதி:
வடமோடிக் கூத்தில் ராசா வேசம் கட்டுகிறவன் ஆடவும் வேண்டும், ஆடின மூச்சோடு பாடவும் வேண்டும். மத்தளத்துக்கும் சல்லரித் தாளத்துக்கும் மேலாகக் கேட்கவேண்டுமென்று நம்மில் பாதிப்பேர் கத்துகிறோம். சதங்கை அணிந்த பிறகு வந்த அடுக்குகளில் (ஒத்திகைகளில்) எனக்குக் குரல் கரகரத்துவிட்டது. வேர்க்கொம்பு (சுக்கு), கற்கண்டு எல்லாம் பார்த்தாயிற்று. விழுங்குவதெல்லாம் உணவுக்குழாய்க்குள் போகிறது, அதிர்ந்து குரல் எழுப்புகிற குரல்நாணில் படுவதேயில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

சொன்னவர் பேச்சுச் சிகிச்சை செய்கிற ஒரு அக்கா. அரைக் கிளாஸ் தண்ணீரையும் ஒரு ஸ்ட்ரோவையும் தந்து, "நுனியை ரெண்டு விரல் ஆழத்துக்கு விட்டு, ஊ எண்டு குரலை நீட்டுங்க தம்பி" என்றார். நான் கூத்துக் களரியில் கத்துகிற பழக்கத்தில் ஊத, தண்ணீர் மேசையெல்லாம் தெறித்தது. "காத்து கூடிப்போச்சு. குமிழி ஒரே சீராக வரவேணும்." மெல்லக் குரலை நீட்டியபோது உதடும் கன்னமும் அதிர்ந்தன, தொண்டையில் இறுக்கமே இல்லை. வாய்வழி ஒடுங்கும்போது உள்ளே அழுத்தம் சேர்ந்து குரல்நாண்களுக்கு மேலிருந்து முண்டு கொடுக்கிறதாம். அவை ஒன்றோடொன்று பலமாக மோதாமல், குறைந்த மூச்சிலேயே அதிரத் தொடங்குகின்றன. இங்கோ டிட்சே என்ற குரல் விஞ்ஞானி இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இப்போது அடுக்குக்கு முன் ஸ்ட்ரோவில் சுருதியை மேலும் கீழும் இழுத்துவிட்டுத்தான் பாடுகிறேன். பெடியன்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

காரைதீவு:
நான் பிற்பாட்டுக்காரன். கூத்துப் பழக்குகிற எங்கள் அண்ணாவியார் கத்தினதே கிடையாது, ஆனால் கடைசி வரிசைக்கும் கணீரென்று கேட்கும். சுவீடன் நாட்டு யோகான் சுண்ட்பெரி ஒப்பேராப் பாடகர்களை ஆராய்ந்தார். பயின்ற ஆண் குரலில் 3000 ஹெர்ட்ஸ் (செக்கனுக்கு 3000 அதிர்வு) அளவில் ஒலிச்சக்தி குவிகிறது. வாத்தியக் குழுவின் பலம் 500 ஹெர்ட்ஸ் அளவில் நின்று, மேலே போகப்போகக் குறைகிறது. அந்த இடைவெளியால் குரல் வெளியே வந்துவிடுகிறது. அண்ணாவியாரின் கணீரும் இந்த வகைதான் என்பது என் ஊகம். மத்தளத்தோடு பலத்தில் மோதி யாரும் வென்றதில்லை.

கல்லடி:
கோயில் பாடகர் குழுவில் உயர்ந்த குரல் என்னுடையது. 440 ஹெர்ட்ஸில் ஒரு சுரத்தைப் பிடித்தால் குரல்நாண்கள் செக்கனுக்கு 440 தரம் சேர்ந்து பிரிகின்றன. காய்ந்த தொண்டையோடு அதைச் செய்யவே கூடாது, தண்ணீர் நாள் முழுக்கக் குடிக்கவேண்டும். தொண்டை கட்டினால் கிசுகிசுத்துப் பேசுகிற ஆட்களே, அதுவும் பலருக்குக் குரல்நாணை இறுக்கத்தான் செய்யும். பேசாமல் இருங்கள்! ஸ்ட்ரோ நல்லதுதான் அண்ணன், ஆனால் கரகரப்பு மூன்று கிழமைக்கு மேல் நின்றால் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். எனக்குக் குரல்நாணில் முடிச்சு இருந்தது அப்படித்தான் தெரியவந்தது.

ஆரையம்பதி:
சரி தங்கச்சி, காட்டுகிறேன். அரங்கேற்றத்துக்கு முதலே.